லாரிகளில் வரும் மின்னணுப் பாதுகாப்புக் கருவிகள்: ஓட்டுநர்களும் உரிமையாளர்களும் கேட்கும் கேள்விகள்

புது லாரியின் சாவியைத் திருப்பினால் டேஷ்போர்டில் வரிசையாக மஞ்சள் விளக்குகள் எரிந்து அணைகின்றன. ஒவ்வொரு விளக்குக்குப் பின்னாலும் ஒரு கருவி இருக்கிறது. ஓட்டுபவர்களும் வண்டி வைத்திருப்பவர்களும் இவற்றைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்குத் தெரிந்தவரை நேராகப் பதில் எழுதியிருக்கிறேன்.

இருபது வருடம் விபத்தில்லாமல் ஓட்டியவருக்கு இதெல்லாம் எதற்கு?

நியாயமான கேள்வி. திறமையைக் குறைத்துப் பேசாமல்தான் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

கார் ஓட்டும்போது பின்சக்கரம் லேசாக வழுக்கினால்கூட உட்கார்ந்திருக்கும் இடத்திலேயே தெரிந்துவிடும். டிரெய்லர் இழுக்கும் லாரியில் கதை வேறு. ஓட்டுநர் உட்கார்ந்திருப்பது முன்னால் இருக்கும் இழுவை வண்டியில். சரக்கு இருப்பது பின்னால், இன்னொரு சேசிஸில். இரண்டுக்கும் நடுவே ஒரு இணைப்புத் தட்டு. வளைவில் சாயத் தொடங்குவது பெரும்பாலும் டிரெய்லரின் பின்பகுதிதான். அதன் உள்பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும் நேரத்தில், சேசிஸ் முறுக்கிக்கொடுத்து அந்த அசைவை விழுங்கிவிடும். கேபினும் தனி ஸ்பிரிங்கில் மிதந்துகொண்டிருக்கும். முன்னால் இருப்பவருக்கு எல்லாம் வழக்கம்போலவே தோன்றும். கண்ணாடியில் பார்த்துப் புரிந்துகொள்ளும்போது பெரும்பாலும் நேரம் கடந்திருக்கும்.

அனுபவம் என்பது கைக்கும் கண்ணுக்கும் வந்து சேரும் செய்தியை வைத்து முடிவெடுப்பது. செய்தியே வந்து சேரவில்லை என்றால் எவ்வளவு பெரிய அனுபவசாலியும் என்ன செய்ய முடியும்?

இன்னொரு காரணமும் உண்டு. ஓட்டுநருக்கு இருப்பது ஒரே ஒரு பிரேக் பெடல். அதை மிதித்தால் எல்லாச் சக்கரமும் பிடிக்கும். முன்னால் வலது சக்கரத்தை மட்டும் கொஞ்சம் பிடித்து வண்டியை நேராக்க வேண்டும் என்றால் மனிதக் காலால் அது ஆகாது. கருவியால் ஆகும்.

ஏபிஎஸ், இபிஎஸ், இஎஸ்சி என்று சொல்கிறார்களே, மூன்றும் ஒன்றா?

ஒன்றல்ல, ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிய மாடிகள் மாதிரி.

அடித்தளம் ஏபிஎஸ். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுழலாமல் இறுகிப்போவதைத் தடுக்கும். கனரக வண்டிகளுக்கு இதை 1981-இல் மெர்சிடிஸ்-பென்ஸும் பிரேக் கருவிகள் செய்யும் வாப்கோ நிறுவனமும் சேர்ந்து கொண்டுவந்தன.

அதற்கு மேல் இபிஎஸ், அதாவது மின்னணு பிரேக். சாதாரண ஏர் பிரேக்கில் பெடலை மிதித்ததும் காற்றே செய்தியாகக் குழாய் வழியே பின்னால் வரை ஓட வேண்டும். கடைசி ஆக்சிலில் அழுத்தம் ஏற அரை விநாடி போல ஆகிவிடும். இபிஎஸ்ஸில் செய்தி மின்கம்பியில் போகிறது. காற்று பக்கத்திலேயே காத்திருந்து உடனே பாய்கிறது. 80 கி.மீ. வேகத்தில் லாரி ஒரு விநாடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. கால் விநாடி மிச்சமானால் ஐந்து மீட்டருக்கு மேல் மிச்சம். முன்னால் நிற்பது ஒரு பள்ளிப் பேருந்து என்றால் அந்த ஐந்து மீட்டர் எவ்வளவு பெரிது என்று நினைத்துப் பாருங்கள்.

இந்த இரண்டின் மேல் நிற்பதுதான் இஎஸ்சி, அதாவது நிலைத்தன்மைக் கட்டுப்பாடு. மற்ற இரண்டும் நீங்கள் பிரேக்கை மிதித்த பிறகுதான் வேலை செய்யும். இது நீங்கள் மிதிக்காமலேயே தேவைப்பட்டால் தானாகப் பிரேக் போடும்.

ஏபிஎஸ் இருந்தால் வண்டி சீக்கிரம் நின்றுவிடுமா?

அப்படி எண்ணிக்கொண்டு ஓட்ட வேண்டாம். ஈரமான தார்ச்சாலையில் நிற்கும் தூரம் குறையலாம். சரளைக்கல்லிலும் தளர்ந்த மண்ணிலும் கூடவும் செய்யலாம், ஏனென்றால் அங்கே இறுகிய சக்கரம் மண்ணை முன்னால் குவித்து அணைபோட்டு நிறுத்திவிடும். ஏபிஎஸ்ஸின் உண்மையான லாபம் திருப்பும் சக்தி. சுழலும் சக்கரம்தான் ஸ்டீயரிங் சொல்வதைக் கேட்கும்.

டிரெய்லர் வண்டியில் இன்னொரு லாபமும் இருக்கிறது. இழுவை வண்டியின் பின்சக்கரங்கள் இறுகினால் வண்டி பேனாக்கத்தி மாதிரி மடிந்துவிடும். டிரெய்லர் சக்கரங்கள் இறுகினால் டிரெய்லர் பக்கத்து லேனை வாரிக்கொண்டு போகும். இரண்டையும் ஏபிஎஸ் பெருமளவு தடுக்கிறது.

அப்புறம் ஒரு விஷயம்: பழைய பழக்கத்தில் விட்டு விட்டு மிதிக்காதீர்கள். அழுத்தி மிதித்து அப்படியே வைத்திருங்கள். விட்டுப் பிடிக்கும் வேலையை ஒரு விநாடிக்குள் பல முறை அது பார்த்துக்கொள்ளும்.

இஎஸ்சி சரியாக என்ன செய்கிறது?

இரண்டு வேலை செய்கிறது. ஓட்டுநர்கள் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன், அதனால் தனித்தனியாகச் சொல்கிறேன்.

முதல் வேலை, வழுக்கலைத் திருத்துவது. ஸ்டீயரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று ஒரு சென்சார் சொல்கிறது. வண்டி உண்மையில் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று இன்னொன்று சொல்கிறது. இரண்டும் பொருந்தவில்லை என்றால் வண்டி ஓட்டுநர் நினைத்த வழியில் போகவில்லை என்று அர்த்தம். பின்பக்கம் வெளியே வீசினால் வளைவின் வெளிப்பக்க முன்சக்கரத்தைப் பிடித்து மூக்கை வெளியே இழுக்கும். கூடவே டிரெய்லர் பிரேக்கையும் பிடித்து வண்டியைக் கயிறு இழுத்தாற்போல நேராக்கும். மூக்கே திரும்ப மறுத்தால் உள்பக்கப் பின்சக்கரத்தைப் பிடிக்கும். எஞ்சின் விசையும் தானாகக் குறையும்.

இரண்டாவது வேலை, கவிழாமல் காப்பது. லாரிக்கு இதுதான் உயிர்நாடி. காருக்கும் லாரிக்கும் அடிப்படையிலேயே ஒரு வித்தியாசம் உண்டு. காய்ந்த சாலையில் வளைவில் வேகம் மிஞ்சினால் கார் கவிழ்வதற்கு முன் வழுக்கும். உயரமாக லோடு ஏற்றிய லாரி வழுக்குவதற்கு முன்பே சாய்ந்துவிடும். டயர் கிறீச்சிடுவது போன்ற எந்த எச்சரிக்கையும் இருக்காது.

கணக்கைப் பாருங்கள். 100 மீட்டர் ஆரமுள்ள சமதள வளைவு. 60 கி.மீ. வேகத்தில் போனால் வண்டியின் எடையில் ஏறக்குறைய 28 சதவீத விசை அதை வெளியே தள்ளும். 70-இல் போனால் 39 சதவீதம். 80-இல் 50 சதவீதம். உயரமாக லோடு ஏற்றிய கனரக லாரி 35 முதல் 40 சதவீதம் வந்தாலே கவிழும் நிலைக்கு வந்துவிடலாம். அதாவது 60-க்கும் 70-க்கும் நடுவே, வேகமானியின் முள் ஒரு விரற்கடை நகர்ந்ததில், வீடு திரும்புவதா இல்லையா என்பது முடிவாகிவிடுகிறது. காலியாகப் போகும்போது அதே வளைவை 70-இல் நூறு முறை கடந்திருப்போம். அந்தப் பழக்கமே நூற்றியோராவது முறை லோடோடு வரும்போது ஆளைக் கவிழ்க்கிறது.

இஎஸ்சி லாரியின் எடையையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும். எஞ்சின் எவ்வளவு இழுத்தும் வண்டி எவ்வளவு மெதுவாக வேகம் எடுக்கிறது என்பதிலிருந்து மொத்த எடையை அதுவே ஊகிக்கும். பக்கவாட்டு விசை எல்லையை நெருங்கினால் எஞ்சினைத் தணித்து எல்லா ஆக்சிலிலும் பிரேக் போட்டு வேகத்தை இறக்கிவிடும். சரக்கு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அதற்கு நேராகப் பார்க்கத் தெரியாது. அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

டிரெய்லரில் மட்டும் கவிழ்வுத் தடுப்பு இருக்கிறது. அது போதுமா?

ஒன்றும் இல்லாததற்கு எவ்வளவோ மேல். அது செய்யும் ஒரு வேலை எனக்கு மிகவும் பிடிக்கும். வளைவில் சந்தேகம் வந்தால் உள்பக்கச் சக்கரங்களுக்கு மிக லேசான பிரேக் அழுத்தம் ஒன்றைக் கொடுத்துப் பார்க்கும். சக்கரம் தரையில் நன்றாக ஊன்றியிருந்தால் வேகம் மாறாது. சட்டென்று வேகம் விழுந்தால் சக்கரத்தின் மேல் பாரம் இல்லை, எழும்பப் போகிறது என்று பொருள். உடனே அழுத்திப் பிடிக்கும். வைத்தியர் நாடி பிடித்துப் பார்ப்பதைப் போல.

ஆனால் அதன் கைக்கு எட்டுவது டிரெய்லர் பிரேக் மட்டும்தான். எஞ்சினைத் தணிக்க முடியாது, இழுவை வண்டி மடிவதைத் தடுக்க முடியாது. புதிதாக வாங்குகிறீர்கள் என்றால் இழுவை வண்டியிலேயே முழு இஎஸ்சி இருப்பதாகப் பாருங்கள். டேங்கர் ஓட்டுபவர்களுக்கு இரண்டிலும் இருப்பது நல்லது. பாதி நிரம்பிய டேங்கரில் திரவம் வளைவில் ஒரு பக்கமாக ஏறி நின்று கவிழ்வதற்கு உதவி செய்யும். உள்ளே வைத்திருக்கும் குறுக்குத் தடுப்புகள் முன்பின் அலையைத்தான் அடக்கும், பக்கவாட்டு அலையை அடக்காது.

தானாகப் பிரேக் போடும் கருவியை நம்பலாமா?

முன்னால் இருக்கும் வண்டியை ரேடாரும் கேமராவும் சேர்ந்து கவனிக்கின்றன. மோதல் நெருங்கினால் முதலில் விளக்கும் ஒலியும் வரும். கவனிக்காவிட்டால் ஒரு லேசான பிரேக், உடலே உணரும்படி. அதற்கும் அசையவில்லை என்றால் முழு பிரேக்.

இதன் மதிப்பை வேகக் கணக்கில்தான் பார்க்க வேண்டும். மோதலே நடக்காமல் போனால் மகிழ்ச்சி. நடந்தாலும் 80-இல் மோதுவதற்குப் பதில் 40-இல் மோதினால் மோதலின் ஆற்றல் கால்வாசிதான். அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு நிறுவனம் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், முன்மோதல் எச்சரிக்கை உள்ள லாரிகள் முன்னே செல்லும் வண்டிகளின் பின்னால் மோதுவது 44 சதவீதம் குறைந்திருந்தது. தானியங்கி அவசர பிரேக் உள்ளவற்றில் 41 சதவீதம்.

நம்பலாமா என்றால், கடைசி வலை என்று நம்பலாம். கயிற்றின் மேல் நடப்பவர் கீழே வலை இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு நடக்கமாட்டார். ஐரோப்பாவில் இதைக் கட்டாயமாக்கிய முதல் கட்ட விதியில், 80 கி.மீ. வேகத்தில் வரும் லாரி நின்றிருக்கும் வண்டியைக் கண்டால் குறைந்தது 10 கி.மீ. வேகம் குறைக்க வேண்டும் என்றுதான் கேட்டார்கள். அடுத்த கட்டத்தில் அது 20 ஆனது. பல வண்டிகள் இதைவிட நன்றாகவே செய்கின்றன, முழுதாக நிறுத்தும் வண்டிகளும் உண்டு. ஆனால் உங்கள் வண்டி எந்தத் தலைமுறை என்று தெரியாமல் அதன் மேல் உயிரை வைக்காதீர்கள்.

இன்னொன்று. நீங்கள் ஸ்டீயரிங்கைத் திருப்பினாலோ ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்தினாலோ பல வண்டிகளில் அது "ஓட்டுநருக்கு வேறு யோசனை இருக்கிறது" என்று ஒதுங்கிக்கொள்ளும். கையேட்டில் இந்தப் பக்கத்தைக் கட்டாயம் படியுங்கள்.

தேவையில்லாமல் கத்துகிறது. அணைத்து வைத்துவிடலாமா?

எரிச்சல் புரிகிறது. பாலத்தடி இரும்பையும் வளைவோரப் பலகையையும் பார்த்து எச்சரிப்பது பழைய வண்டிகளில் நடக்கத்தான் செய்யும். அணைப்பதற்கு முன் காரணத்தைத் தேடுங்கள். முன் பம்பரில் லேசாக இடித்த பிறகு ரேடார் ஓரிரு பாகை திரும்பியிருந்தால் பக்கத்து லேன் வண்டியை உங்கள் லேனில் இருப்பதாக நினைக்கும். கண்ணாடி மாற்றிய பிறகு கேமராவைச் சரிபார்க்காமல் விட்டிருந்தாலும் இதே தொல்லைதான். பம்பரில் சேறு அப்பியிருப்பது, ரேடாருக்கு முன்னால் அலங்கார விளக்கோ பலகையோ மாட்டியிருப்பது என எளிய காரணங்களும் உண்டு.

பல நேரம் காரணம் நம் இடைவெளிதான். முன்வண்டியோடு ஒட்டிப் போகும் பழக்கம் இருந்தால் அது கத்தத்தான் செய்யும். அந்தக் கத்தல் பொய்யில்லை.

லேன் எச்சரிக்கை, தூக்க எச்சரிக்கை?

லேன் கோடு தெளிவாக இருக்கும் சாலையில் பயன்படும், அழிந்த கோட்டில் பயன்படாது. தூக்க எச்சரிக்கை பெரும்பாலும் ஸ்டீயரிங் அசைவை வைத்தோ முகத்தைப் பார்க்கும் கேமராவை வைத்தோ கணிக்கிறது. அது காபிக் கோப்பைப் படம் காட்டினால், கண்ணாடியை இறக்கிவிட்டு ரேடியோவைக் கூட்டுவதல்ல தீர்வு. வண்டியை நிறுத்தித் தூங்குங்கள். தூக்கத்துக்குத் தூக்கத்தைத் தவிர வேறு மருந்து கிடையாது. உரிமையாளர்களே, நிறுத்தித் தூங்கியவரை நேரம் தவறினார் என்று திட்டாதீர்கள். திட்டினால் இந்தக் கருவிக்குக் கொடுத்த பணம் வீண்.

கண்ணாடியில் தெரியாத பகுதிக்கு என்ன வழி?

லாரியின் முன்னால் மூக்கடியிலும், ஓட்டுநருக்கு எதிர்ப்பக்கத்திலும் ஒரு மனிதர் முழுதாக மறைந்துபோகும் இடம் இருக்கிறது. சிக்னலில் நின்று திரும்பும்போது பக்கத்தில் வந்து நின்ற மிதிவண்டிக்காரரை ஓட்டுநர் பார்க்கவே இல்லை என்று சொன்னால், பெரும்பாலும் அது உண்மை. அவரால் பார்த்திருக்க முடியாது. பக்கவாட்டு சென்சார்கள் இப்படிப்பட்டவர்களைக் கவனித்து எச்சரிக்கின்றன. நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது மூக்கடியில் யாராவது இருந்தால் சொல்லும் கருவியும் தனியே உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் இவை இரண்டும் 2022 ஜூலை முதல் புதிய ரகங்களுக்கும், 2024 ஜூலை முதல் எல்லாப் புது லாரிகளுக்கும் கட்டாயம். இந்தப் பட்டியலில் ஓட்டுநரைவிட வெளியே நடப்பவரைக் காப்பதற்காகவே இருக்கும் கருவி இது. அதனாலேயே இதற்கு முதல் மரியாதை தர வேண்டும் என்பேன்.

மலை இறக்கத்தில் இவை காப்பாற்றுமா?

சூடேறிப் பிடிப்பு இழந்த பிரேக்கை எந்த மின்னணுவாலும் பிடிக்க வைக்க முடியாது. ஏனென்றால் இஎஸ்சியும் தானியங்கி பிரேக்கும் கடைசியில் நம்பியிருப்பது அதே பிரேக் லைனிங்கைத்தான். இறக்கத்துக்கு முன்பே கியரைக் குறைத்து, எக்ஸாஸ்ட் பிரேக் (எஞ்சின் புகை வெளியேறும் வழியை அடைத்து வேகத்தைக் குறைப்பது), ரிட்டார்டர் (பிரேக் லைனிங்கைத் தொடாமலே வண்டியை மெதுவாக்கும் கருவி) ஆகியவற்றைக் கொண்டு வேகத்தைக் கட்டிவைப்பது எப்போதும் ஓட்டுநரின் வேலை. ஒரு சின்ன உதவி மட்டும் உண்டு: ஈரச்சாலையில் காலி வண்டியோடு ரிட்டார்டர் போட்டுப் பின்சக்கரம் வழுக்கினால், ஏபிஎஸ் அதைக் கண்டு ரிட்டார்டரைத் துண்டித்துவிடும்.

இதையெல்லாம் சட்டம் எங்கே கட்டாயமாக்கியிருக்கிறது?

ஏர் பிரேக் உள்ள இழுவை வண்டிகளுக்கு அமெரிக்கா 1997 மார்ச்சில் ஏபிஎஸ்ஸைக் கட்டாயமாக்கியது, அடுத்த ஆண்டு டிரெய்லர்களுக்கும். இழுவை வண்டிகளுக்கும் பெரிய பேருந்துகளுக்கும் இஎஸ்சி கட்டாயம் என்று 2015-இல் அறிவித்து 2017 ஆகஸ்டிலிருந்து நடைமுறைப்படுத்தத் தொடங்கினார்கள். ஆண்டுக்கு 1,759 விபத்துகள் வரையும் 49 உயிரிழப்புகள் வரையும் தவிர்க்கலாம் என்பது அப்போது அந்நாட்டு அரசு போட்ட கணக்கு. ஐரோப்பாவில் அவசர பிரேக்கும் லேன் எச்சரிக்கையும் கனரக லாரிகளின் புதிய ரகங்களுக்கு 2013 நவம்பரிலும், புதிதாக விற்கும் வண்டிகளுக்கு 2015 நவம்பரிலும் வந்தன.

பழைய லாரியில் பிறகு பொருத்திக்கொள்ள முடியுமா?

இஎஸ்சியை முடியாது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அது பிரேக், எஞ்சின், ஸ்டீயரிங், சேசிஸ் எல்லாவற்றோடும் சேர்த்து அந்தந்த ரகத்துக்கென்றே சோதித்து அமைப்பது. யாராவது சுலபமாகப் போட்டுத் தருகிறேன் என்றால் நம்ப வேண்டாம். ஆனால் பக்கவாட்டு சென்சார், கேமரா, டயர் அழுத்தக் கண்காணிப்பு ஆகியவற்றைத் தாராளமாகப் பொருத்தலாம். லண்டனில் 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளில் கேபினிலிருந்து நேராகப் பார்க்கும் வசதிக்கு மூன்று நட்சத்திரத்துக்குக் குறைவாகப் பெற்றவை, 2024 அக்டோபரிலிருந்து இத்தகைய கருவிகளைப் பொருத்தினால்தான் உள்ளே ஓட முடியும்.

கருவி தலையிட்டதை உரிமையாளர் பார்க்க முடிகிறதாம். ஓட்டுநருக்கு இது ஆபத்தா?

உரிமையாளர் எப்படிப் பயன்படுத்துகிறார் என்பதைப் பொறுத்தது. ஒரு ஓட்டுநருக்கு மாதத்தில் நாலைந்து முறை கவிழ்வுத் தடுப்பு வேலை செய்திருக்கிறது என்றால் நாலைந்து முறை அவர் எல்லையைத் தொட்டிருக்கிறார். கருவி காப்பாற்றிவிட்டது, அவருக்கே தெரிந்திருக்காது. கூப்பிட்டு உட்காரவைத்து, எந்த வளைவு, என்ன லோடு என்று பேசுங்கள். சம்பளத்தில் பிடித்தால் அடுத்த வாரமே யாராவது ஃபியூசைப் பிடுங்கியிருப்பார்கள். ஒரே வளைவில் மூன்று பேருக்குப் பதிவாகியிருந்தால் குறை ஓட்டுநரிடம் இல்லை, லோடு ஏற்றிய விதத்திலோ கொடுத்த நேரத்திலோ இருக்கும்.

ஓட்டுநர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வளைவில் எஞ்சின் சட்டென்று மங்கி, தானாகப் பிரேக் பிடித்து, டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு சிமிட்டினால் வண்டி கோளாறு என்று நினைக்காதீர்கள். நீங்கள் உணராத ஒன்றை அது உணர்ந்திருக்கிறது. அடுத்த வளைவில் பத்து கி.மீ. குறைத்துப் போங்கள்.

ஏபிஎஸ் விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது, ஆனால் பிரேக் நன்றாகப் பிடிக்கிறது. ஓட்டலாமா?

இந்தக் கேள்விதான் எனக்கு அதிகம் கவலை தருகிறது. பிரேக் பிடிக்கும், உண்மைதான். ஆனால் ஏபிஎஸ் இல்லை என்றால் அதன் மேல் கட்டிய இஎஸ்சியும் அவசர பிரேக்கும் முழுதாக வேலை செய்யாது. ஒரு விளக்கைக் கண்டுகொள்ளாமல் விட்டால் மூன்று கருவிகளை இழக்கிறீர்கள்.

காரணம் பல நேரம் சிறியதுதான். சக்கர வேக சென்சார் அதன் பல் வளையத்திலிருந்து பின்வாங்கியிருக்கும். அதைக் கையால் வளையத்தைத் தொடும்வரை தள்ளிவிட்டால் சக்கரம் சுழலும்போது தேவையான இடைவெளியை அதுவே அமைத்துக்கொள்ளும். ஆனால் மறுபடி மறுபடி பின்வாங்கினால் சென்சாரை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள், வீல் பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த விளக்கு பேரிங்கைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருக்கலாம்.

டிரெய்லர் மாட்டும்போது காற்றுக் குழாயையும் விளக்குக் கம்பியையும் மாட்டிவிட்டு, ஏபிஎஸ்ஸுக்கான தனிக் கம்பியைத் தொங்கவிட்டுப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஐஎஸ்ஓ 7638 என்று குறிப்பிடும் அந்தப் பிளக் மாட்டாவிட்டால் டிரெய்லரின் கவிழ்வுத் தடுப்பு செத்ததுபோல்தான். மின்னணு பிரேக் உள்ள பல டிரெய்லர்களில் லோடுக்கு ஏற்ப அழுத்தத்தைக் குறைக்கும் வேலையும் நின்றுவிடும். காலி டிரெய்லரில் லேசாக மிதித்தாலே சக்கரம் இறுகிப் புகையும். சாவியைத் திருப்பியதும் விளக்கு எரிய வேண்டும், சில விநாடியில் அல்லது வண்டி நகர்ந்ததும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றாலும் கோளாறுதான், பல்பைக் கழற்றி வைத்திருக்கக்கூடும். டிரெய்லரின் விளக்கு வெளியே பக்கவாட்டில் இருந்தால், யார்டை விட்டுக் கிளம்பும்போது முதல் சில மீட்டரில் கண்ணாடியில் அதைப் பார்த்துவிடுங்கள்.